நான்காவது ஆம்புலன்ஸ்

மேப்பில் ஆம்புலன்ஸ் நான்கு இருந்தது.

பெலிண்டா தேநீர் டம்ளரைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒன்று, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தை மறித்து அவள் தம்பி விட்டுவிட்டு வந்த ஒன்று. மூன்றும் பச்சைப் புள்ளிகள், மூன்றும் நின்றுகொண்டிருந்தன. நான்காவது புள்ளி வெள்ளையாக இருந்தது. அது காவிரிப் பாலத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. புள்ளிக்கு மேலே ஓட்டுகிறவரின் பெயர் வர வேண்டும், வரவில்லை. கம்யூனிட்டிக்கு இருப்பதே மூன்று வண்டிகள்தான். இன்னொன்று வேண்டுமென்றால் மருத்துவப் பிரிவின் தலைவியான அவளைக் கேட்க வேண்டும், யாரும் கேட்கவில்லை.

கோபம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. இன்றைக்கு இது இரண்டாவது தடவை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கம்ப்யூட்டர் விளையாட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு திருச்சி. பொன்மலையில் இருக்கும் பிரவீன்ராஜ் என்ற பையனும் அவன் நண்பர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஊரையே வரைந்து ஏற்றியிருந்தார்கள். மலைக்கோட்டை உண்டு, காந்தி மார்க்கெட் உண்டு, காவிரிப் பாலமும் அதைத் தாண்டி ஸ்ரீரங்கமும் உண்டு. கொள்ளிடம் பாலத்தின் பாதியில் ஊர் முடிந்துவிடும். அதற்கு வடக்கே லால்குடி பக்கமெல்லாம் இன்னும் செய்யவில்லை, அங்கே வெறும் சாம்பல் நிறம்தான். உள்ளே வருகிறவர்கள் அவரவர் வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். போலீஸ், ஆட்டோக்காரர், பூக்கடைக்காரி, திருடன். எந்த வேஷமோ அந்த ஆளாகவே பேச வேண்டும், அந்த ஆளாகவே அடிபட வேண்டும். வாரம் முழுக்க ஒரு கல்லூரி அலுவலகத்தில் கட்டண ரசீதோடும் மாற்றுச் சான்றிதழோடும் மல்லுக்கட்டும் பெலிண்டா, அங்கே டாக்டர்.

ஆம்புலன்ஸ் விதிகளை எழுதியது அவள்தான். டியூட்டியில் இல்லாதவர்கள் வண்டியைத் தொடக்கூடாது. அழைப்பு வராமல் வண்டி கிளம்பக்கூடாது. அழைப்புக்குப் போகும்போதும் நோயாளி உள்ளே இருக்கும்போதும் தவிர சைரன் கூடாது. சைரன் கேட்டால் எந்த வண்டியாக இருந்தாலும், இன்னொரு ஆம்புலன்சே ஆனாலும், இடப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். கீழே விழுந்தவர் பேசக்கூடாது, எழக்கூடாது, வலிக்கு முனகலாம். அவரைப் படுக்க வைத்தவரோ வண்டியில் ஏற்றியவரோ பக்கத்தில் வந்து 'எழுந்திரு' என்று சொன்ன பிறகுதான் எழ வேண்டும். விளையாட வந்த இடத்தில் இவ்வளவு சட்டமா என்று பையன்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களையெல்லாம் அவள் படுக்கப் போட்டாள்.

'படுக்கப் போடுவது' அந்தக் கம்யூனிட்டியின் வழக்கம், அதுவும் அவள் கொண்டுவந்ததுதான். வண்டியை வீணாக்கியவன் நடுரோட்டில் நோயாளியாகக் கிடக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த மருத்துவர்கள் அவனை வைத்துத் தொழில் பழகுவார்கள். நாடி பார்ப்பார்கள், சட்டையை வெட்டுவார்கள், கட்டுப் போடுவார்கள், ஸ்ட்ரெச்சரில் ஏற்றி இறக்குவார்கள். அவள் மனம் இரங்கி எழச் சொல்லும்வரை அவன் அசையக்கூடாது. இந்த விதி எனக்கும் சேர்த்துத்தான் என்று குரூப்பில் அவளே பெருமையாக எழுதிப் போட்டிருந்தாள்.

அப்பா அற்புதசாமி ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். ஒரு மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ எண் கொடுத்த ஒரு தனியார் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். வருகிறது, வருகிறது என்றார்களே தவிர வரவில்லை. சைரனைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்துக்கு அண்டாக்களையும் சமையல்காரர்களையும் இறக்கப் போயிருந்தது. ஒருவழியாக வந்தபோது வண்டிக்குள் சாம்பார் வாடை வீசியது. அந்த வாடைக்குள் அப்பாவை ஏற்றினார்கள், உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. கோபத்தை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிடு என்று அம்மா பாக்கியமேரி இன்றைக்கும் சொல்கிறாள். ஆண்டவருக்கு இதைவிட முக்கியமான வேலை இருக்கும் என்று பெலிண்டா தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளின் கூடப்பிறந்த தம்பி ஆசீர் இன்று மத்தியானம் என்ன செய்தான் தெரியுமா? டியூட்டியில் இல்லாமலே ஆம்புலன்சை எடுத்து, நான்கு தடியன்களை ஏற்றிக்கொண்டு, சைரனை அலறவிட்டுச் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை ஊர்வலம் போனான். ராஜகோபுரத்துக்கு முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறி நின்று படம் எடுத்துக் குரூப்பில் போட்டான். அவன் உட்கார்ந்து விளையாடுவது பக்கத்து அறையில். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தட்டி அவள் கத்தியபோது அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புத்தான் வந்தது.

"கேம்தானேக்கா. அதுக்கு ஏன் இப்படிக் கத்துற?"

அப்பா செத்ததும் கேம்தானா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. விளையாட்டுக்குள் அவனைக் காவிரிப் பாலத்துக்கு இழுத்துப்போய் நட்ட நடுவில் படுக்கப் போட்டாள். வழக்கமாக ரேடியோவில் ஒரு புது மருத்துவரின் பெயரைச் சொல்லி அழைப்புக் கொடுப்பாள். பெயர் சொல்லாமல் அழைக்கக்கூடாது என்பதும் அவள் விதிதான். இன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் பெயராவது ஒன்றாவது.

"பாலத்து மேல ஒரு உருப்படாதது கிடக்கு. எவனாவது வந்து அள்ளிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டுக் கீழே தேநீர் போடப் போனாள். அம்மா ஞாயிறு மாலைப் பூசைக்குக் குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாலக்கரைத் தெருவில் துணிகளை எடுக்கச் சொல்லி யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. மதியம் வைத்த கறிக்குழம்பின் மணம் மாடிப்படி வரை நின்றது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

இப்போது அந்த வெள்ளைப் புள்ளி பாலத்தில் ஏறிவிட்டது.

அவள் விளையாட்டில் தன் பாத்திரமான டாக்டரைச் சத்திரம் வண்டியில் ஏற்றி, பாலம் தெரியும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். நான்காவது வண்டி வந்தது. பழைய மாதிரி வேன், கம்யூனிட்டியின் வண்டிகளில் ஒட்டியிருக்கும் சிவப்புப் பட்டை கிடையாது, வெறும் வெள்ளை. சைரன் இல்லை. பாலத்து முனையில் சிக்னல் சிவப்பாக இருந்தது, காத்து நின்றது. அந்த ஊரில் ஒரு பயலும் சிக்னலுக்கு நிற்பதில்லை, போலீஸ் வேஷம் கட்டியவனே நிற்பதில்லை. பச்சை விழுந்த பிறகு இடப்பக்கம் ஒட்டியே வந்து, கிடந்த ஆசீரின் கால்மாட்டில் அழகாக நின்றது. பரவாயில்லையே, யாரோ ஒருவன் விதியைப் படித்திருக்கிறான் என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஹெட்செட்டை மாட்டி, யார் ஓட்டுவது, பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். ரேடியோ திறந்தேதான் இருந்தது, அதற்குள் மழை பெய்யும் சத்தம் கேட்டது. தகரத்தின் மேல் விழும் மழை, அதனூடே கண்ணாடி துடைப்பான் காய்ந்த ரப்பரோடு இழுபட்டு இழுபட்டுப் போகும் சத்தம், அதற்கும் கீழே வேறேதோ, பல பேர் வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவது போல. திரைக்குள் பாலத்தின் மேல் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு ஜன்னலில் இன்னும் ஒரு துளி விழவில்லை.

வண்டியின் பின்கதவுகள் திறந்தன. யாரும் இறங்கவில்லை. கதவுகள் மூடின. ரோட்டில் கிடந்த ஆசீர் அங்கே இல்லை.

வண்டி ஸ்ரீரங்கம் பக்கம் கிளம்பியது. ஆஸ்பத்திரி இருந்தது இந்தப் பக்கம். நோயாளியை ஏற்றிக்கொண்டு எங்கே ஊர் சுற்றப் போகிறான் இவன் என்று எரிச்சலோடு சுவரைத் தட்டினாள்.

"டேய், போதும். எழுந்து வா. உன்னை ஏத்தினது யாருடா?"

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அவன் நாற்காலியின் கிறீச் இல்லை, மேசைமேல் அவன் விரல் தாளம் இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். அப்புறம் எழுந்து போய் அவன் அறைக்கதவைத் தள்ளினாள்.

ஆசீர் தரையில் கிடந்தான். நாற்காலி பின்னால் தள்ளப்பட்டிருந்தது. மல்லாந்து, வலது முழங்கால் மடங்கி, இடது கை தலைக்கு மேலே நீண்டிருந்தது. பாலத்தில் அவன் பாத்திரம் எப்படிக் கிடந்ததோ அதே கிடை. கண்கள் திறந்து விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடிக்கிறான். அக்காவைக் கேலி செய்கிறான். அவளுக்கு உச்சந்தலை எரிந்தது.

எழுந்திரிடா என்றாள். காலால் அவன் பாதத்தைத் தட்டினாள். தேநீர் ஆறுகிறது என்றாள். அம்மா வரட்டும், உன் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போடுகிறேன் என்றாள். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் முகத்தில் ஊற்றினாள். தண்ணீர் திறந்த கண்களுக்குள் விழுந்து வழிந்து காதோரம் இறங்கியது. இமை அசையவில்லை. தொண்டைக்குள்ளிருந்து மெல்லிய முனகல் ஒன்று வந்தது, வலிக்கிறவன் விடும் முனகல்.

அவள் முழங்காலிட்டு அவன் கையைத் தொட்டாள். ஈரத்துணி மாதிரி சில்லென்றிருந்தது. அவனிடமிருந்து ஸ்பிரிட் வாடையும் பழைய ரெக்சின் வாடையும் வந்தன. சட்டை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், கீழ் விளிம்பிலிருந்து கழுத்துப்பட்டை வரை, ஒரே நேர்க்கோடாக யாரோ கத்தரித்திருந்தார்கள். அறை முழுக்கத் தேடினாள். அந்த அறையில் கத்தரிக்கோல் கிடையாது.

மறுபடியும் அவன் முகத்தைப் பார்த்தாள். கண் ஓரமாக அவளிடம் திரும்பியது, கண் மட்டும். அதில் விளையாட்டு இல்லை. சின்ன வயதில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தபோது அவனிடம் பார்த்த பயம் இருந்தது.

"ஆசீர். எழுந்திரு. அக்கா சொல்றேன்ல, எழுந்திரு."

முனகல்தான் வந்தது. அவன் பக்கத்தில்தான் அவள் இருந்தாள். ஆனால் அவன் இங்கே இல்லையே. அவன் வண்டியில் அல்லவா இருக்கிறான்.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. படித்தவள், பூசைக்கே ஒழுங்காகப் போகாதவள், என்ன நினைக்கிறாள். ஃபோனை எடுத்துப் பிரவீன்ராஜைக் கூப்பிட்டாள். அவன் ஏதோ மென்றுகொண்டே பேசினான். நான்காவது வண்டியெல்லாம் கிடையாதுக்கா, நெட் லேக் ஆகியிருக்கும் என்றான். பார்த்துச் சொல் நாயே என்று அவள் கத்தினாள். அவன் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான். வண்டி இருக்கிறது, ஆனால் அதை யார் உள்ளே கொண்டுவந்தார்கள் என்ற பதிவே இல்லை என்றான். ஆசீரின் பாத்திரத்தை வெளியே எடுக்கப் பார்த்தான், முடியவில்லை. சர்வரையே நிறுத்தித் தொலை என்றாள். அவன் தயங்கிவிட்டு நிறுத்தினான்.

திரையில் ஊர் ஒவ்வொன்றாக அணைந்தது. ஆட்டோக்கள் மறைந்தன. கடைத்தெருவில் நின்ற ஆட்கள் மறைந்தார்கள். பச்சைப் புள்ளிகளில் இரண்டு போயின. அவள் உட்கார்ந்திருந்த வண்டி போகவில்லை. வெள்ளைப் புள்ளியும் போகவில்லை. யாருமில்லாத ஸ்ரீரங்கத்துக்குள், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று, அது போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்திட்டேன்க்கா. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க." பிரவீன்ராஜின் குரல் தாழ்ந்துவிட்டது. "அக்கா, நீங்க அழைப்புல யார் பேரைச் சொன்னீங்க?"

அவள் ஃபோனை அணைத்தாள்.

எவனாவது வந்து அள்ளிட்டுப் போங்க. எவனாவது. அவள் வாயால் சொன்னது. யாரையென்று சொல்லவில்லை, எங்கேயென்றும் சொல்லவில்லை. ஓடுகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டவள் அவள்தான், ஆனால் அது குடைவது தம்பியை. அவள் அடுத்த அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆசீரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிட நேரம் எடுத்தது. உண்மையான ஆம்புலன்சைக் கூப்பிட ஃபோனில் விரலை வைத்தாள். விரல் எண்ணை அழுத்தவில்லை. எந்த வண்டி வரும்?

எழுப்ப இரண்டே பேரால்தான் முடியும். ஏற்றியது எதுவோ அது ஒன்று, படுக்க வைத்த அவள் இன்னொன்று. பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் கிழட்டு வண்டி கொள்ளிடத்தைத் தாண்டிச் சாம்பலுக்குள் போய்விட்டால் அப்புறம் எந்தப் பக்கத்தில் போய்ச் சொல்வது?

அவள் நாற்காலியில் விழுந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். இரண்டு அறைக் கதவுகளையும் திறந்தே வைத்திருந்தாள், அந்த முனகல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காவிரிப் பாலத்தில் ஆளில்லை. ஆற்றில் தண்ணீர் அசையவில்லை, வரைந்தது வரைந்தபடி நின்றது. மாம்பழச்சாலை. சிக்னல் சிவப்பு. அவள் நிற்கவில்லை. திருவானைக்கோயில் பக்கம் எதிர்ச்சாரியில் ஏறினாள். தன் விதிகளையெல்லாம் தானே மிதித்துக்கொண்டு போனாள். போகட்டும், எழுதின கையை வெட்டிப் போடலாம் என்றிருந்தது. அவள் அப்பாவுக்கு ஒரு வண்டி ஒழுங்காக வராத ஊரில், ஒழுங்காக நிற்கிற ஒரே வண்டி இவனை அல்லவா தூக்கிக்கொண்டு போகிறது.

கொள்ளிடம் பாலம் தெரிந்தது. வெள்ளை வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. வேகமே இல்லை. ஆனாலும் நெருங்க முடியவில்லை. அவள் எவ்வளவு அழுத்தினாலும் அதே தூரம். பாலத்தின் பாதி வந்தது. அதற்கப்பால் கைப்பிடிச் சுவர் இல்லை, ஆறு இல்லை, வானம் இல்லை. சாம்பல். வெள்ளை வண்டி இடப்பக்கம் கையைக் காட்டுவது போல விளக்கை மினுக்கிவிட்டு அதற்குள் போனது.

அவளும் போனாள்.

டயர் சத்தம் நின்றுவிட்டது. எஞ்சின் சத்தமும் இல்லை. ஹெட்செட்டில் மழை மட்டும். துடைப்பானின் இழுப்பு. மூச்சுகள். இங்கே அது மூச்சு இல்லை, முனகல் என்று தெரிந்தது. ஒருவர் இல்லை. பெண்கள், ஆண்கள், ரொம்ப வயதானவர்கள். யாரும் பேசவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த முனகலும் அதற்குள் சேர்ந்து, எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாமல் போனது. பிறகு பக்கத்து அறைச் சத்தம் நின்றுவிட்டது.

"ஆசீர்!"

முனகல் இல்லை. மூச்சும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த வண்டி விதியை மீறாது. இதுவரை எதையும் மீறவில்லை. சைரன் கேட்டால் ஒதுங்கி நிற்கும். அவள் வண்டியில் நோயாளி இல்லை, அவளை யாரும் அழைக்கவில்லை, சைரனைத் தொட அவளுக்கு அனுமதியே இல்லை. மத்தியானம் தம்பி செய்த அதே குற்றம். அவள் யோசிக்கவில்லை. சைரனைப் போட்டாள்.

அந்தச் சாம்பல் முழுக்க அலறல். முன்னால் போன வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. நின்றது.

அவள் இறங்கி ஓடினாள். பின்கதவைத் திறந்தாள். திரையில் இருட்டு. இருட்டுக்குள் இரண்டு படுக்கைகள். ஒன்றில் ஆசீர், சட்டை வெட்டப்பட்டு, கை தலைக்கு மேலே. அவள் மைக்கை வாயோடு அழுத்திப் பிடித்தாள்.

"எழுந்திரு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு இழுபட்டது. இருமல். கை தரையில் ஊன்றும் சத்தம், நாற்காலி உருண்டு மேசையில் இடிக்கும் சத்தம். அக்கா என்று கூப்பிட்டான், அழுகைக் குரலில். பெலிண்டாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எழுந்து ஓடிப்போய் அவனை நான்கு அறை அறைந்து கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஹெட்செட்டைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

ரேடியோ பேசியது. அமைதியான குரல், ஆணா பெண்ணா தெரியவில்லை. ரொம்ப மரியாதையாகப் பேசியது.

"சைரன் எதுக்குப் போட்டீங்க?"

தூக்கிய கையால் அவள் மைக்கைப் பிடித்தாள்.

"யாராவது அழைச்சாங்களா? வண்டியில நோயாளி இருந்தாங்களா?"

"அவன் என் தம்பி," என்றாள். அவள் பற்கள் கிட்டித்திருந்தன. "எங்க அப்பா செத்தப்ப எங்க போயிருந்தே நீ? அன்னைக்கு வந்து இந்த ரூலையெல்லாம் பேசியிருக்கணும். தம்பியைத் தூக்க மட்டும் வந்துட்டியா?"

துடைப்பான் ஒரு தடவை இழுபட்டது.

"படுங்க."

நாற்காலி வழுக்கியது. வழுக்கவில்லை, அவள்தான் இறங்கினாள். முழங்கால் தானாக மடங்கியது. முதுகில் தரை சில்லென்று பட்டது. கை தலைக்கு மேலே போய் நின்றது. எழ முடியவில்லை என்பதல்ல. எழக்கூடாது. அது உடம்பு முழுக்கத் தெரிந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலில் முதல் தூறல் விழுந்தது.

ஆசீர் வாசலில் வந்து நின்றான். வெட்டிய சட்டை இரண்டு பக்கமும் தொங்கியது. முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, உள்ள நிறைய பேரு இருந்தாங்க. ஒருத்தர் மேல ஒருத்தரா..." என்றவன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். "அக்கா? என்னாச்சுக்கா?"

அவன் அவளை உலுக்கினான். தூக்கப் பார்த்தான். அழுதான். எழுந்திரு எழுந்திரு என்று எத்தனையோ தடவை சொன்னான். அவளைப் படுக்க வைத்தது அவனல்ல. ஓடிப்போ என்று சொல்ல வேண்டும். எதையும் தொடாதே, யாரையும் கூப்பிடாதே, கம்ப்யூட்டரை உடை. அத்தனையும் நாக்கு வரை வந்தது. கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் முழுவதையும் திரட்டி அவள் கத்தினாள்.

முனகல்தான் வந்தது.

அவன் பதறிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். மேசை விளிம்பில் அவள் ஹெட்செட் தொங்கிக்கொண்டிருந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. வேண்டாம். இரண்டு வருஷப் பழக்கம் அவன் கைக்கு. யாராவது விழுந்தால் ரேடியோ. வேண்டாம்டா. அவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா விழுந்துட்டாங்க. பாலக்கரைல, எங்க வீட்டு மாடில. யாராச்சும் வாங்க. யாரா இருந்தாலும் பரவால்ல, சீக்கிரம் வாங்க."

தெருவில் சைரன் கேட்கவில்லை. ஒரு வண்டி மட்டும் மெதுவாக வந்து, வாசலில் இடப்பக்கம் ஒட்டி நின்றது. தகரத்தின் மேல் மழை. துடைப்பானின் இழுப்பு நின்றது. கதவுகள் திறந்து மூடின.

கீழே கேட் சத்தம் கேட்டது. பூசை முடிந்து அம்மா வந்திருந்தாள். குடையை உதறினாள். யாருடனோ பேசினாள், புதியவர்களிடம் பேசும் தன்மையான குரலில். என்னாச்சு, யாருக்கு என்று கேட்டாள். ஐயோ மாதாவே என்றாள். பிறகு படியில் சக்கரம் ஏறியது. ஒரு படி. இன்னொரு படி. இரும்பு சுவரில் உரசியது.

ஆசீர் அறை வாசலுக்கு ஓடினான். ஓடியவன் அங்கேயே நின்றான். பின்பக்கமாகவே நடந்து வந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

பெலிண்டாவுக்குக் கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. அம்மா தெரிந்தாள். தலையில் முக்காடு, தோளில் மழை ஈரம். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தாள். வெள்ளை விரிப்பில் தலை வைக்க ஒரு பள்ளமும் உடம்பு வைக்க ஒரு பள்ளமும் ஏற்கெனவே இருந்தன, இரண்டும் ஈரமாக. மறுமுனை அம்மாவின் தோள் உயரத்துக்கு நேராக நின்று வந்தது. அந்த முனையில் யாரும் இல்லை.

"பாத்துத் தூக்குங்க தம்பி," என்று அம்மா அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "படி சறுக்கும். இவதான் எம் பொண்ணு. உள்ள வாங்க."